உப்பும் பிணமும்: டார்க் ஃபேண்டஸி உலகத்துக்கு அணிகளை உருவாக்க ஒரு முழு வழிகாட்டி

டேபிள்டாப் ரோல்பிளேயிங், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடும் விளையாட்டு. அதற்காக உலகம் எழுதுகிறவர்களின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அணிகளுக்கான, அதாவது அந்த உலகத்துக்குள் தனித்தனி நோக்கத்தோடு இயங்கும் கூட்டங்களுக்கான, பக்கத்தில் கொடி இருக்கும், சின்னம் இருக்கும், கறுப்பு அங்கி, தலைவரின் பட்டப்பெயர், ஐந்நூறு ஆண்டு வரலாறு எல்லாம் இருக்கும். அந்த அணியின் ஆள் ஒருவர் இன்று ராத்திரி ஆட்டக்காரர்களின் கதவைத் தட்டினால் என்ன கேட்பார் என்பது மட்டும் இருக்காது.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியை வைத்துத்தான் நகர்கிறது. என் கட்சி இது: டார்க் ஃபேண்டஸியில், அதாவது திகிலும் இருட்டும் கலந்த மந்திர உலகக் கதைகளில், ஒரு அணி கெட்டதாக இருந்தால் போதாது, ஊருக்குத் தேவையானதாகவும் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஊர் பிழைக்காது. அது இருப்பதற்காக ஊர் கொடுக்கும் விலையில்தான் இருட்டு இருக்கிறது. வெறும் கெட்டவர்கள் என்றால் ஆட்டக்காரர்கள் வாளை உருவுவார்கள், அரை மணி நேரத்தில் சோலி முடிந்துவிடும்.

இந்தப் பொழுதுபோக்கு முளைத்ததே அணிச் சண்டையில் என்றுகூடச் சொல்லலாம். 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்து ஜெர்மன் ஊர் ஒன்றை வைத்துப் போர் விளையாட்டு நடத்தினார். படைகளை மட்டும் கொடுக்காமல், மேயர், வங்கிக்காரர் என்று ஊர்க்காரர்களையும் ஆளுக்கொரு நோக்கத்தோடு ஆட்டக்காரர்களிடம் கொடுத்தார். படைகளை விட்டுவிட்டு எல்லோரும் பேரத்திலும் சதியிலும் இறங்கினார்கள். பிரவுன்ஸ்டைன் என்ற அந்த ஆட்டங்களில் கலந்துகொண்ட டேவ் ஆர்னெசன்தான் 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தின் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர்.

முதலில் ஒரு நிஜக் கடல்

கற்பனைக்கு முன் நிஜத்தில் அணிகள் எப்படி இயங்கின என்று ஒரு இடத்தையாவது உற்றுப் பார்த்துவிடுங்கள். எனக்குப் பிடித்த இடம் 14-ஆம் நூற்றாண்டின் பால்டிக் கடற்கரை. கொள்ளைநோய், கடற்கொள்ளை, சிலுவைப்போர், பனியில் உறையும் துறைமுகங்கள் எல்லாம் ஒரே கரையில். மந்திரம் ஒன்றுதான் பாக்கி.

அங்கே ஹன்சா என்ற வணிக நகரங்களின் கூட்டு இருந்தது: லூபெக், ஹாம்பர்க், டான்சிக் என்று நிறைய ஊர்கள். அரசன் கிடையாது, நிரந்தரப் படை கிடையாது. முதல் பொதுப் பேரவையே 1356-இல்தான் கூடியது. ஆனால் அதற்கு வெகு முன்பே, 1284-இல், அந்தக் கரையின் நகரங்கள் சேர்ந்து நார்வேக்குத் தானியம் போகாமல் நிறுத்தின. விளைநிலம் குறைந்த நாடு அது. அடுத்த ஆண்டே இறங்கி வந்தது. தேவைப்பட்டபோது ஹன்சா சண்டையும் போட்டது. டென்மார்க்கோடு நடந்த போர் 1370-இல் ஸ்ட்ரால்சுண்ட் ஒப்பந்தத்தில் முடிந்தபோது, இன்றைய ஸ்வீடனின் தென்முனையான ஸ்கோனியா கரையின் கோட்டைகள் 15 ஆண்டுகளுக்கு அவர்கள் கைக்கு வந்தன.

கோட்டை கேட்டது எதற்கு? ஹெரிங் மீனுக்கு. நோன்பு நாட்களில் இறைச்சி தொடாத கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கு மீன் வேண்டும், மீன் கெடாமல் இருக்க உப்பு வேண்டும். உப்பு லூனபுர்க்கின் உவர்நீர் ஊற்றுகளில் காய்ச்சப்பட்டு லூபெக் வழியாகக் கடலுக்குப் போனது. அதற்கென்றே வெட்டிய கால்வாய் 1398-இல் திறக்கப்பட்டது.

அதே கரையில் டியூடானிக் ஆர்டர் என்ற போர்த்துறவிகள் சபை. 1309 முதல் மரியன்புர்க் கோட்டை அதன் தலைமையிடம். கிறிஸ்தவம் ஏற்காத லிதுவேனியாவோடு போரிடுவதுதான் அது அங்கே இருப்பதற்கான நியாயம். 1386-இல் லிதுவேனியாவின் ஆட்சியாளர் யோகைலா ஞானஸ்நானம் பெற்று போலந்துக்கும் அரசரானார். நியாயம் போய்விட்டது, போர் போகவில்லை. 1410-இல் கிருன்வால்டில் அடி வாங்கும்வரை சபை அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

மூன்றாவதாக விட்டாலியன் சகோதரர்கள். முற்றுகையில் கிடந்த ஸ்டாக்ஹோமுக்கு உணவு கொண்டுபோகவும் எதிரிக் கப்பல்களைப் பிடிக்கவும் மெக்லென்புர்க் பிரபுக்கள் அமர்த்திய கடலோடிகள். 1395-இல் சமாதானம் வந்தது. இவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கோட்லாந்து தீவில் உட்கார்ந்து எல்லாக் கப்பலையும் பிடித்தார்கள். 1398-இல் டியூடானிக் ஆர்டர் கப்பற்படையோடு வந்து தீவைப் பிடித்துக்கொண்டது. கொள்ளையைச் சரிபாதியாகப் பங்கிட்டதால் சமபங்குக்காரர்கள் என்றும் இவர்களுக்கு ஒரு பெயர்.

படை இல்லாமல் கதவைச் சாத்தியே ஆளும் அணி, வேலை முடிந்தும் கலையாத அணி, கூலிக்குப் பிடித்துவிட்டு அப்புறம் நிறுத்த முடியாத அணி. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு ஆண்டு ஆட்டம் நடத்தலாம். கீழே வரும் படிகளில் சாம்பல்துறை என்ற கற்பனை ஊரை முதலிலிருந்து கட்டிப் பார்ப்போம்.

1. பற்றாக்குறையை முதலில் எழுதுங்கள்

அணியின் பெயரை இப்போது யோசிக்காதீர்கள். உங்கள் உலகத்தில் எது போதவில்லை? அது கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்? இரண்டு வரி போதும். போதாத பொருள் கையால் தொடக்கூடியதாக இருந்தால் மிகவும் நல்லது. நம்பிக்கை போதவில்லை, ஒளி மங்குகிறது என்றெல்லாம் எழுதினால் மேசையில் யாராலும் அதைத் திருட முடியாது.

சாம்பல்துறைக்கு நான் எழுதுவது இது. இறந்தவர்கள் மூன்றாம் இரவு எழுந்துவிடுவார்கள். குழியில் ஒரு மரக்கால் உப்பைப் பரப்பி அதன் மேல் கிடத்திப் புதைத்தால் எழமாட்டார்கள். உப்பு போதவில்லை.

இதோடு இன்னொரு வரி சேருங்கள்: பற்றாக்குறையைத் தீர்க்கும் முயற்சியே அதை வளர்க்க வேண்டும். உப்பைக் காய்ச்ச விறகு வேண்டும், விறகுக்குக் காட்டை வெட்ட வேண்டும். அந்தக் காடு, உப்பு வழக்கம் வருவதற்கு முந்தைய மயானங்களின் மேல் வேண்டுமென்றே நட்டு வளர்த்த காடு. வேர்கள்தான் கீழே இருப்பவர்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு குழிக்கும் உப்பு காய்ச்சும்போது எங்கோ ஒரு பழைய குழி திறக்கிறது. இந்தச் சுழற்சி கிடைத்துவிட்டால் தீயவன் ஒருவனைத் தேடி அலைய வேண்டாம். எல்லோரும் நல்லது செய்தாலே ஊர் நாசமாகும்.

2. அந்தப் பொருளின் வழியில் நடந்து போங்கள்

உப்பு எங்கே பிறக்கிறது, யார் கை மாறி வருகிறது, யார் விலை வைக்கிறார்கள், யார் காவல், யாருக்குக் கிடைக்காமல் போகிறது? ஒவ்வொரு இடத்திலும் ஒரு கூட்டம் தானாகவே நிற்கும்.

காய்ச்சுகிறவர்கள் உலைக்காரர்கள். கொப்பரையும் காட்டு உரிமையும் அவர்களிடம். கிடங்கும் கப்பலும் ஒன்பது துறைக் கூட்டு என்ற வணிகர்களிடம். எழுந்து வருபவர்களை ஊருக்கு வெளியே நிறுத்துவது வேலிப்படை. சவத்தைக் கிடத்திப் புதைப்பது கேட்போர் மடம். கடத்தல் உப்பு விற்பவர்கள் சமபங்கார். பால்டிக் கடலிலிருந்து அப்படியே எடுத்த கடன், மறைக்கவில்லை.

உப்பு வாங்க முடியாதவர்கள்? இந்த இடத்தில்தான் பெரும்பாலான உலகங்கள் கோட்டைவிடுகின்றன. ஏழைகள் என்று ஒரு சொல் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கிடைக்காதவர்களும் ஒரு அணிதான், அவர்களும் ஏதோ ஒரு வழி கண்டுபிடித்திருப்பார்கள். சாம்பல்துறையின் கீழத்தெருவில் உப்பு வாங்க முடியாத குடும்பங்கள் தங்கள் சவங்களைப் புதைப்பதில்லை. மூன்றாம் இரவுக்கு முன் கயிற்றால் தூணோடு கட்டி வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் வீட்டுக் கயிறு தேய்ந்தால் பக்கத்து வீட்டார் புதுக் கயிறு கொடுக்க வேண்டும், வெளியாளிடம் எந்த வீடு என்று சொல்லக் கூடாது. தலைவர் இல்லை, கொடி இல்லை. கயிற்று வீடுகள் என்று வையுங்கள். ஆறு அணிகளில் ஆட்டக்காரர்களை அதிகம் அலைக்கழிக்கப் போவது இதுதான், ஏனென்றால் இவர்களை யாராலும் எதிரியாகப் பார்க்க முடியாது, இவர்களை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது.

3. நான்கு வரிகள்

ஒவ்வொரு அணிக்கும் நான்கே வரி எழுதுங்கள். இப்போது என்ன வேண்டும், வேறு யாரும் கொடுக்காத எதைக் கொடுக்கிறார்கள், எதைச் செய்யவே மாட்டார்கள், எது அவர்களிடம் தீர்ந்துகொண்டிருக்கிறது.

வேலிப்படைக்கு எழுதிப் பார்ப்போம். வேண்டியது: பனிக்காலம் முடிவதற்குள் நகரசபை அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு முத்திரை வைக்க வேண்டும். கொடுப்பது: வடக்கு வேலியைத் தாண்டி எதுவும் உள்ளே வராது. செய்யாதது: எழுந்து வருபவரிடம் பெயர் கேட்காமல் வெட்டமாட்டார்கள். தீர்ந்துகொண்டிருப்பது: ஆட்கள். யாரும் சேர்வதில்லை, அதனால் தூக்குத் தண்டனைக் கைதிகளைப் பிடித்து அங்கி மாட்டுகிறார்கள்.

முதல் வரியில் காலக்கெடு இருப்பதைக் கவனியுங்கள். ஊரை ஆள வேண்டும், இருளை ஒழிக்க வேண்டும் என்ற மாதிரி நோக்கங்களுக்குக் காலக்கெடு கிடையாது, அதனால் இந்த வாரம் செய்ய எதுவும் இருக்காது. ஆட்டம் இந்த வாரத்தில்தான் நடக்கிறது.

நான்கில் மூன்றாவது வரிதான் தங்கம். நோக்கம் ஒரு அணியை நகர்த்தும். செய்யமாட்டோம் என்ற வரி அதற்கு முகம் கொடுக்கும். வரலாற்றில் இதற்கு ஒரு அருமையான சான்று பொலன்னறுவையில் இருக்கிறது. இலங்கை அரசன் முதலாம் விஜயபாகுவிடம் வேளைக்காரர் என்ற தென்னிந்தியக் கூலிப்படை இருந்தது. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழர் மேல் படையெடுக்க அரசன் உத்தரவிட்டபோது அவர்கள் கலகம் செய்தார்கள். காசுக்குப் போரிடும் படைக்கும் தாண்டாத கோடு ஒன்று இருந்தது. அதே வேளைக்காரர்கள் விஜயபாகுவின் காலத்துக்குப் பின் புத்தரின் பல் வைத்திருந்த கோயிலைத் தங்கள் காவலில் ஏற்றதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அரசன் சொல்லியும் ஒரு சண்டைக்குப் போகமாட்டார்கள், வேறொரு மதத்தின் புனிதப் பொருளுக்கு உயிரைக் கொடுத்துக் காவல் நிற்பார்கள். இப்படி ஒரு அணியைக் கற்பனையில் எழுதினால் நம்பும்படி இல்லை என்று யாராவது சொல்வார்கள்.

வேலிப்படையின் தடையை மேசையில் வைத்துப் பாருங்கள். எழுந்து வந்தவர் ஒரு ஆட்டக்காரரின் பாத்திரத்துடைய அம்மா. வேலிப்படை வீரன் வாளை ஓங்கியபடி பெயர் கேட்கிறான். அவள் பதில் சொல்ல முயல்கிறாள். வெட்டுவதற்கு முன் அந்த நான்கு நொடியை உங்களுக்கு வாங்கித் தந்தது மூன்றாவது வரி.

4. விலையை முடிவு செய்யுங்கள்

அணி கொடுக்கும் நன்மைக்கு ஊர் என்ன விலை கொடுக்கிறது? விலை அந்த நன்மையிலிருந்தே பிறக்க வேண்டும். மருத்துவச் சங்கம் ஒன்று நோயைக் குணப்படுத்துகிறது, ஆனால் ரகசியமாகப் பேயையும் வணங்குகிறது என்றால் இரண்டும் ஒட்டாது. பேயை எடுத்துவிட்டாலும் சங்கம் அப்படியே இருக்கும்.

கேட்போர் மடத்துக்கு வருவோம். இறந்தவரை உப்பில் கிடத்துவது அவர்கள் வேலை. ஆனால் உடனே கிடத்துவதில்லை. மூன்றாம் இரவு வரை காத்திருந்து, சவம் கண் திறந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டு, அப்புறம்தான் குழியில் இறக்குகிறார்கள். இறந்தவர்களால் பொய் சொல்ல முடியாது. ஊரின் கொலை வழக்குகள் எல்லாம் இப்படித்தான் தீர்கின்றன, அதனால் நீதிமன்றம் அவர்களை நம்பியே நடக்கிறது. கூடவே மூன்று தலைமுறையாக ஊரில் எல்லோருடைய அந்தரங்கமும் அவர்கள் நூலகத்தில் இருக்கிறது. யாரும் மடத்தை எதிர்த்துப் பேசுவதில்லை. கேட்ட கேள்வி எது என்று குடும்பத்துக்குச் சொல்வதும் இல்லை.

வேலிப்படையின் விலை இன்னும் எளிது. பயம் குறைந்தால் சம்பளம் நிற்கும். ஆகவே பனிக்காலத்தில் ஓரிரவு வடக்கு வாசலின் தாழ்ப்பாள் விலகிக் கிடக்கும். டியூடானிக் ஆர்டர் 1386-க்குப் பின் நின்ற இடம் இது. எதிரி இல்லாமல் போனால் தானும் இல்லை. சமபங்கார் ஏழைகளுக்குப் பாதி விலைக்கு உப்பு கொடுக்கிறார்கள், அதில் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கிறது. எந்த மூட்டையில் எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது.

ஒன்பது துறைக் கூட்டுக்கு நான் இருட்டான விலை எதுவும் வைக்கவில்லை. அவர்கள் வணிகர்கள், கணக்கு சரியாக வைக்கிறார்கள், தட்டுப்பாட்டில் விலையை ஏற்றுகிறார்கள். சில அணிகளை இப்படி வெளிச்சத்திலேயே விட்டுவிடுவது நல்லது. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் பிணம் இருந்தால் ஆட்டக்காரர்கள் கதவைத் திறப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

5. உள்ளுக்குள் ஒரு பிளவு

ஒரே குரலில் பேசும் அணி மேசையில் சீக்கிரம் அலுத்துவிடும். ஹன்சாவையே பாருங்கள். விட்டாலியன் சகோதரர்கள் கப்பல்களைக் கொள்ளையடித்து லூபெக்கின் வணிகம் தவித்தபோது, அவர்களுக்குத் துறைமுகத்தைத் திறந்துவிட்டது யார்? ராஸ்டாக், விஸ்மார். இரண்டும் ஹன்சா நகரங்கள்தான். ஆனால் மெக்லென்புர்க் பிரபுக்களின் மண்ணில் இருந்தவை. ஒரு காலை கூட்டில், இன்னொரு காலை பிரபுவின் வீட்டில் வைத்திருந்தன.

பிளவு நல்லவர்களுக்கும் கெட்டவர்களுக்கும் நடுவில் வர வேண்டாம். இரண்டு பக்கமும் அணியின் நன்மைக்காகவே பேச வேண்டும். மடத்தில் ஒரு தரப்பு சொல்கிறது: சேர்த்த பதில்களை எரித்துவிடுவோம், இல்லாவிட்டால் ஒருநாள் அரசன் வந்து எடுத்துக்கொள்வான். மற்றத் தரப்பு: எரித்துவிட்டால் அடுத்த பனிக்காலத்தில் நகரசபை மடத்தைக் கலைத்துவிடும். இரண்டுமே உண்மை.

6. உறவுகள்: நூல் குறைவாக இருக்கட்டும்

ஆறு அணிகளுக்கு 15 ஜோடி உறவு வரும். எல்லாவற்றையும் எழுதாதீர்கள், யாரும் நினைவில் வைக்கப் போவதில்லை. ஒவ்வொரு அணியும் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது, யாரை வெறுத்துக்கொண்டே நம்பி இருக்கிறது என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள். உலைக்காரர்கள் காட்டுக்குள் போக வேலிப்படைக் காவல் வேண்டும். வேலிப்படைக்கு உலைக்காரர்கள் வெட்டும் ஒவ்வொரு மரமும் எரிச்சல், அதே சமயம் பிழைப்பு. கயிற்று வீடுகள் சமபங்காரின் உப்பை வாங்கித்தான் தங்கள் முதியவர்களைக் கயிற்றிலிருந்து விடுவித்துப் புதைக்கின்றன. புதைத்தவர்களில் சிலர் திரும்பி வருகிறார்கள்.

7. மூன்று முகங்கள்

அணியின் தலைவரை ஆட்டக்காரர்கள் ஆறு மாதம் பார்க்காமலே இருக்கலாம். அதனால் முதலில் வாசலில் நிற்பவரை எழுதுங்கள்: கிடங்கின் கணக்குப்பிள்ளை, மடத்தில் விளக்கேற்றும் பையன், வேலியின் இரவு முறைக்காரன். அடுத்து வெளியேற நினைப்பவர் ஒருவர். தலைவர் கடைசியில், ஒரு வரியில்.

பெயர் வைப்பதையும் இப்போது செய்யலாம். அணி தன்னை ஒரு பெயரில் அழைக்கும், தெரு இன்னொரு பெயரில் அழைக்கும். வேலிப்படை தன் சாசனத்தில் வடதிசைப் புனிதக் காவல். மீன் சந்தையில் பேர்கேட்பான்கள். ஆட்டத்தை நடத்தும் ஜி.எம். தெருப் பெயரைச் சொல்லும்போது ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பாத்திரம் யார் பக்கம் என்று தெரிந்துவிடும்.

8. ஆட்டத்துக்கு முன் ஒரு பேச்சு

டார்க் ஃபேண்டஸிக்கு முதல் அமர்வுக்கு முன் எல்லோரும் உட்கார்ந்து, எது மேசைக்கு வரவே கூடாது, எது வந்தால் திரைக்குப் பின்னால் நடந்ததாகக் கடந்துபோக வேண்டும் என்று பேசிக்கொள்வது வழக்கம். அதைத் தவிர்க்காதீர்கள்.

நம் மேசைகளுக்கு இதில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. பிறப்பால் மட்டுமே சேரக்கூடிய அணி ஒன்றை எழுதினால், அதை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் அது சாதிதான். அதிலும் பிணத்தைத் தொடும் வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பது தமிழ் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். வெளிநாட்டு உலகங்களில் பரம்பரைச் சவக்குழிக்காரர்கள் வெறும் சூழல் அலங்காரமாக வந்துபோகலாம். இங்கே அது வேறு. எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரியாமல் எழுதிவிடாதீர்கள் என்கிறேன். நான் கேட்போர் மடத்தில் நீதிபதி வீட்டுப் பிள்ளைகளும் வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பிச் சேர்வதாக வைத்ததற்குக் காரணம் அதுதான். சவத்தைத் தொடுவது அந்த ஊரில் அதிகாரம். ஒடுக்குமுறையைப் பற்றியே ஆட வேண்டும் என்று உங்கள் குழு முடிவு செய்தால், அதை வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

9. கடிகாரம் ஓடட்டும்

எழுதி வைத்த அணி ஆட்டக்காரர்கள் வரும்வரை அசையாமல் நின்றால் அது சிலை. அசைப்பதற்கு எளிய கருவி கடிகாரம். 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட், 2017-இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் போன்ற ஆட்டங்களால் பரவிய உத்தி இது. ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாகப் பிரிக்கவும். மேலே அணியின் இப்போதைய வேலையை எழுதவும். துண்டுகள் நிரம்பினால் வேலை நடந்துவிட்டது.

அமர்வுகளுக்கு நடுவில் நான் செய்வது: இரண்டு அணிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு முகப் பகடை ஒன்று. 1 விழுந்தால் ஏதோ கெட்டுவிட்டது, ஒரு துண்டை அழிக்கவும். 2, 3 என்றால் அசைவில்லை. 4, 5 என்றால் ஒரு துண்டு. 6 என்றால் இரண்டு. ஆட்டக்காரர்கள் அந்த அணிக்கு உதவியிருந்தால் பகடையில் ஒன்று கூட்டவும், கெடுத்திருந்தால் ஒன்று கழிக்கவும். ஆறு அணிக்கும் உருட்டலாம்தான். ஒரு மணி நேரம் போகும், பாதி விளைவை யாரும் பார்க்கமாட்டார்கள்.

இதில் மறக்கக் கூடாதது ஒன்று. நிரப்பிய ஒவ்வொரு துண்டுக்கும் ஊரில் கண்ணுக்குத் தெரியும் ஒரு அடையாளம் வேண்டும். வேலிப்படையின் கடிகாரம் வடக்கு வாசலைத் திறந்துவிடுவது என்று வையுங்கள். முதல் துண்டு: வாசல் காவலர்கள் மாற்றப்பட்டு எல்லோரும் கைதிகளாக இருக்கிறார்கள். இரண்டாவது: வாசலுக்கு அருகே குடியிருந்த வேலிப்படைக் குடும்பங்கள் சத்தமில்லாமல் வீடு மாறுகின்றன. மூன்றாவது: கீல்களுக்கு எண்ணெய் போடப்பட்டிருக்கிறது. கவனிக்கும் ஆட்டக்காரர் நான்காவது துண்டிலேயே பிடித்துவிடுவார். யாரும் கவனிக்காவிட்டால் ஆறாவது துண்டில் கீழத்தெருவுக்குள் எழுந்த பிணங்கள் வந்துவிடும், எங்கிருந்து என்று ஆட்டக்காரர்களுக்கே பின்னால் ஞாபகம் வரும்.

கூடவே ஒவ்வொரு அணியும் ஆட்டக்காரர்களை எப்படிப் பார்க்கிறது என்று மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை ஒரு எண். பிளஸ் 3-ஐச் சுலபத்தில் கொடுக்காதீர்கள், கொடுத்தால் ஆபத்தாக்குங்கள். உங்களை முழுதாக நம்பும் அணி உங்களிடம்தான் மோசமான வேலைகளைக் கொண்டுவரும்.

10. முதல் அமர்வில் எத்தனை?

மூன்று. இரண்டு அணிகள் நேரில், மூன்றாவது நிழலாக. சாம்பல்துறையில் நான் இப்படித் தொடங்குவேன்: ஆட்டக்காரர்களில் ஒருவரின் தந்தை நேற்று இறந்துவிட்டார். உப்புக்குப் பணம் போதவில்லை. ஒன்பது துறைக் கூட்டின் கணக்குப்பிள்ளை ஒரு வேலைக்குக் கைமாறாக உப்பு தருகிறேன் என்கிறார். மடத்து விளக்குப் பையன் இலவசமாகவே தருகிறோம், மூன்றாம் இரவு வரை எங்களிடம் விடுங்கள் என்கிறான். பக்கத்து வீட்டுக் கிழவி எதுவும் பேசாமல் ஒரு சுருள் கயிற்றை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். வரலாறு, வரைபடம், கொடி எதையும் விளக்க வேண்டாம். இரண்டு இரவு நேரம் இருக்கிறது, அவர்களே கேட்பார்கள்.

எழுதிய அணி சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அந்த அணியை உலகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மறுநாள் காலை ரொட்டிக்கடைக்காரரின் வாழ்க்கையில் எதாவது மாறுகிறதா? மாறவில்லை என்றால் அதை இன்னொரு அணியின் உள்பிளவாக மடித்துவிடுங்கள். உலைக்காரர்களும் ஒன்பது துறைக் கூட்டும் உங்களுக்கு ஒன்றுபோலத் தெரிந்தால் தாராளமாக ஒன்றாக்கலாம்.

11. ஆட்டக்காரர்கள் ஒரு அணியை அழித்துவிட்டால்

அழிப்பார்கள். தடுக்காதீர்கள். ஆனால் அணி போனாலும் அது செய்த வேலை போகாது. நிஜத்தில் டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்த் துறவி வீரர்களுக்கு நடந்ததைப் பாருங்கள். 1307 அக்டோபர் 13 அன்று பிரான்ஸ் அரசர் அவர்களைக் கூட்டமாகக் கைது செய்தார், 1312-இல் போப் சபையைக் கலைத்தார். சொத்தில் பெரும்பகுதி ஹாஸ்பிடலர் என்ற இன்னொரு சபைக்கு ஒதுக்கப்பட்டது. போர்ச்சுகலிலோ 1319-இல் கிறிஸ்துவின் சபை என்ற புதுப் பெயரில் அவர்களுடைய நிலமும் கோட்டையும் தொடர்ந்தன.

ஒரு அணி விழுந்ததும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அந்த வேலையை இனி யார் செய்வார்கள்? சொத்து யார் கைக்குப் போகும்? பிழைத்த ஆட்கள் எங்கே வேலை தேடுவார்கள்? ஆட்டக்காரர்கள் கேட்போர் மடத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். புதைக்கும் உரிமையை ஒன்பது துறைக் கூட்டு ஏலத்தில் எடுக்கிறது, இனி உப்புக்கும் குழிக்கும் சேர்த்து ஒரே விலை. நூலகத்தில் எரியாமல் தப்பிய நான்கு பெட்டிகளைச் சமபங்கார் கீழத்தெருவில் தாள் தாளாக விற்கிறார்கள். மடத்திலிருந்து ஓடிவந்த துறவிகள் வேலிப்படையில் சேர்கிறார்கள். அதன்பின் வேலியில் பெயர் கேட்ட பிறகு இன்னொரு கேள்வியும் கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வி என்ன என்பதை அடுத்த அமர்வுக்கு முன் எழுதிவிடுங்கள், முதல் ஆட்டக்காரர் வாய் திறந்ததுமே அதைத்தான் கேட்பார்.